முதல் பத்து நொடியும் கடைசி இரண்டு பேரும்: சிறிய பெயிண்ட்பால் போட்டிகளில் புதிய அணி ஆடும் விதம்

மார்க்கர் என்ற துப்பாக்கியால் பெயிண்ட் நிரப்பிய சிறு பந்துகளைச் சுடும் ஆட்டம் பெயிண்ட்பால்; பந்து உடைந்து பெயிண்ட் ஒட்டியவர் அவுட். சிறிய பெயிண்ட்பால் போட்டி என்று நான் சொல்வது ஒரே நாளில் தொடங்கி முடிந்துவிடும் வகையை. மூவர் அணி அல்லது ஐவர் அணி. சுற்றிலும் வலை கட்டிய மைதானம், உள்ளே மறைந்துகொள்ளக் காற்றடித்த பங்கர்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஆட்டங்கள் நாள் முழுக்க அடுத்தடுத்து நடக்கும். எங்கள் ஐவர் அணி இந்த வகைப் போட்டிகளில்தான் ஆடி வளர்ந்தது. நான் பெரும்பாலும் பின்வரிசையில் நின்று ஆடுகிறவன். எங்கள் ஆட்டம் இல்லாத நேரங்களில் வலைக்கு வெளியே நின்று மற்றப் புதிய அணிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளேயும் வெளியேயும் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான். புதிய அணிகள் குறி தவறுவதால் தோற்பதில்லை. தொடக்க மணி அடித்த பத்து நொடிக்குள் இரண்டு பேரை இழந்துவிடுகின்றன. பிறகு எதிரில் எத்தனை பேர் மிச்சம் என்றே தெரியாமல் ஆடி மீதிப் பேரையும் இழக்கின்றன. இந்த இரண்டையும் சரிசெய்துகொண்டால், கையில் இருப்பது பழைய மார்க்கராக இருந்தாலும், அனுபவமுள்ள அணிக்கே கடும் ஆட்டம் கொடுக்கலாம். இங்கே நான் எழுதுவதெல்லாம் அந்த இரண்டைச் சுற்றியே இருக்கும்.

பெரும்பாலான போட்டிகளில் காலையில் மைதானத்தை நடந்து பார்க்க நேரம் தருவார்கள். புதிய அணிகள் ஒரு சுற்று நடந்து, "நீ அந்தப் பக்கம் ஓடு, நான் இந்தப் பக்கம் ஓடுறேன்" என்று பிரித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றன. எனக்கு அது பார்க்கவே வருத்தமாக இருக்கும். அன்றைய நாளில் அதைவிடப் பயனுள்ள அரை மணி நேரம் வேறு கிடையாது. மைதானத்தின் இரண்டு பாதிகளும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். ஒரு ஓரத்தில் தரையோடு தாழ்ந்து நீளும் ஸ்னேக். எதிர் ஓரத்தில் முக்கோணமாக நிற்கும் டொரிட்டோ வரிசை. நடுவில் கேன், டெம்பிள், பிரிக் என்று பலவகை. தொடக்க இடத்தை ஒட்டி ஹோம் என்ற பங்கர். உங்கள் பாதியை நன்றாகப் படித்தால் எதிரணியின் பாதியையும் படித்ததாகவே அர்த்தம். அதனால் உங்கள் பக்கத்தோடு நிறுத்தாமல் எதிரணியின் தொடக்க இடத்துக்கும் போய் நின்று, அங்கிருந்து உங்கள் பங்கர்கள் எப்படித் தெரிகின்றன என்று பாருங்கள்.

நடந்து பார்க்கும்போது ஒவ்வொரு பங்கரின் பின்னாலும் ஆட்டத்தில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே மண்டியிட்டு உட்காருங்கள். நின்றபடி பார்க்கும்போது திறந்தவெளியாகத் தெரிகிற வழி, உட்கார்ந்து பார்த்தால் ஒரு பிரிக்கின் மேல்விளிம்பில் அடைபட்டுக் கிடக்கும். உட்கார்ந்தபின் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. இங்கே இருக்கும்போது என்னை எந்தெந்தப் பங்கரிலிருந்து சுட முடியும்? நான் இங்கிருந்து யாருடைய வழியை அடைக்க முடியும்? இங்கிருந்து அடுத்து எங்கே போவேன்? மூன்றாவதற்குப் பதில் கிடைக்காத பங்கரை நாங்கள் முதல் ஓட்டத்துக்குத் தேர்ந்தெடுப்பதே இல்லை. போய்ச் சேர்ந்தவர் ஆட்டம் முடியும்வரை அங்கேயே மாட்டிக்கொள்வார்.

அடுத்தது லேன். உங்கள் ஹோமிலிருந்து பங்கர்களுக்கு இடையே நீளும் ஒரு குறுகிய திறப்பு, எதிரணி ஓடிவரும் பாதையை எங்கோ ஓரிடத்தில் வெட்டும். அந்தத் திறப்புதான் லேன். நாங்கள் அதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. ஒருவர் எதிரணியின் தொடக்க இடத்திலிருந்து அவர்கள் ஓடக்கூடிய மூலையை நோக்கி மெதுவாக நடப்பார். ஹோமில் உட்கார்ந்திருப்பவர் "தெரியுது… தெரியுது… மறைஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தெரியும் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதற்கு நேராகக் குறிவைக்க எந்தப் பங்கரின் எந்த விளிம்பை அடையாளமாகக் கொள்ளலாம் என்று மனதில் பதித்துக்கொள்வோம். மணி அடித்தபின் ஆளைத் தேடிச் சுட நேரமே இருக்காது. அடையாளத்தைப் பார்த்துச் சுடத்தான் நேரம் இருக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மார்க்கர் சுடும் பந்தின் வேகம் போட்டிகளில் பொதுவாக நொடிக்கு 300 அடிக்கு மேல் போகக் கூடாது. சில மைதானங்களில் வரம்பு இன்னும் குறைவு. 0.68 அங்குல விட்டமுள்ள பெயிண்ட்பால் காற்றில் வேகம் இழந்துகொண்டே போவதால், நூறு அடி தூரத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட அரை நொடி எடுத்துக்கொள்ளும். மாஸ்க்கும் பாட் (உபரிப் பந்துகள் அடைத்த குழாய்) பையும் மாட்டிக்கொண்டு ஓடுகிற ஒருவர் நொடிக்கு 18 அடி ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை நொடியில் அவர் ஒன்பது அடி நகர்ந்துவிடுவார். அவர் மேல் குறிவைத்துச் சுட்டால் பந்து போய்ச் சேரும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். அதனால்தான் அவர் வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே பந்துகளை ஓட விட வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒரு படி போவோம். நொடிக்குப் பத்து பந்து சுடும் எலக்ட்ரானிக் மார்க்கர் என்றால், ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே அந்த ஓட்டக்காரர் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறார். அதாவது கிட்டத்தட்ட ஓர் உடம்பின் அகலம். ஒரு பந்து அவர் மேல் படலாம், மயிரிழையில் தப்பியும் போகலாம். நொடிக்கு ஐந்து பந்து மட்டுமே சுட முடிகிற மெக்கானிக்கல் மார்க்கர் என்றால் இடைவெளி மூன்றரை அடி. அவர் பந்துகளுக்கு நடுவே புகுந்து போய்விடுவார். அதே லேனில் இரண்டு பேர் சுட்டால் இடைவெளி பாதியாகிறது. புதிய அணிக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. தொடக்கத்தில் ஐந்து பேரும் ஐந்து திசையில் சுடுவதில் பயன் இல்லை. எதிரணி நிச்சயமாக ஓடப்போகிற ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து இரண்டு பேர் அதே இடத்தில் சுடுங்கள். மற்றப் பக்கம் ஒருவர் தப்பிப் போனாலும் பரவாயில்லை. முதல் ஐந்து நொடியில் ஒருவரைத் தூக்கிவிட்டால் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும்.

முதல் ஓட்டத்தை நாங்கள் பிரேக்அவுட் என்கிறோம். எல்லா அணிகளும் அப்படித்தான் சொல்கின்றன. புதிய அணிக்கு மூன்று பிரேக்அவுட் திட்டங்கள் போதும். அதற்கு மேல் வைத்தால் தொடக்கக் கோட்டில் நிற்கும்போது ஒருவருக்கு ஒரு திட்டமும் இன்னொருவருக்கு வேறு திட்டமும் நினைவுக்கு வரும். எங்களுடைய மூன்றில் ஒன்று குறுகிய ஓட்டம்: எல்லோரும் பக்கத்துப் பங்கர்களில் இறங்கி, உயிரோடு அமைந்தபின் முன்னேறுவது. இரண்டாவதில் டொரிட்டோ பக்கம் இருவர் நீண்ட ஓட்டம் ஓடுவார்கள், ஸ்னேக் பக்கத்தை ஒருவர் தடுத்து நிற்பார். மூன்றாவது அதன் தலைகீழ். முன்பின் தெரியாத அணியோடு முதல் ஆட்டம் என்றால் குறுகிய ஓட்டம்தான். ஐந்து பேரும் ஆட்டத்தில் இருப்பார்கள். எதிரணி எப்படி ஓடுகிறது, யார் வேகமாகச் சுடுகிறார் என்பதையும் பார்த்துவிடலாம்.

புதிய ஆட்டக்காரர்களை எப்போதும் இழுப்பது தூரத்து மூலைப் பங்கர். ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டால் பெரிய சாதனையாகத் தோன்றும். ஆனால் அந்தப் பாதையைத்தான் எதிரணியின் பின்வரிசை ஆள் மனப்பாடம் செய்து வைத்திருப்பார். வேகமானவர் உங்கள் அணியில் இருந்தால், அவர் அங்கே போவதற்கு ஒரு வழி உண்டு: தாமதித்த ஓட்டம். மணி அடித்ததும் முதலில் பக்கத்துப் பங்கரில் இறங்க வேண்டும். எதிரணியின் லேன் பொழிந்து ஓயும்வரை காத்திருக்க வேண்டும். நம் பின்வரிசை அந்த லேன் சுடுபவரின் பக்கம் சுட்டு அவர் தலையை உள்ளே இழுக்க வைத்ததும், "போ!" என்ற குரல் கேட்டு ஓட வேண்டும். எல்லா அணிகளும் முதல் மூன்று நான்கு நொடிதான் லேனில் உயிரைக் கொடுத்துச் சுடுகின்றன. அதன்பின் கவனம் எதிரில் தெரிகிற ஆட்கள் மேல் போய்விடும். அந்த நேரத்தில் ஓடுகிறவர் அனேகமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

சுடாமலேயே ஜெயிப்பது இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. முதல் பெயிண்ட்பால் ஆட்டம் 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்ற ஊரின் காட்டில் நடந்தது. பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரும் தனக்காகத் தானே. கையில் நெல்ஸ்பாட் 007 என்ற மார்க்கர். மரங்களையும் கால்நடைகளையும் அடையாளமிடச் செய்யப்பட்டது அது. காட்டில் வெவ்வேறு இடங்களில் வைத்திருந்த கொடிகளைச் சேகரித்து வர வேண்டும். வென்றவர் ரிச்சி வைட், காட்டைப் பற்றி நன்கறிந்த வனவியலாளர். ஒரு பந்துகூடச் சுடாமல் கொடிகளைச் சேகரித்து வந்துவிட்டார். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் இதைச் சொல்வதுண்டு. இன்றைய மைதானம் சிறியது, ஒளிந்து போக முடியாது, சுட்டுத்தான் ஆக வேண்டும். ஆனாலும் ஆட்டத்தில் இருக்கிற ஆளுக்கு இருக்கிற மதிப்பு, இரண்டு பேரைச் சுட்டுவிட்டுத் தானும் வெளியே வந்து நிற்கிற ஆளுக்குச் சில நேரங்களில் இருப்பதில்லை.

இனி குரல். புதிய அணியை வலைக்கு வெளியே நின்று கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் கண்டுவிடலாம். சத்தமே வராது. அல்லது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் "அங்க! அங்க!" என்று கத்துவார்கள். "அங்க" என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. நடந்து பார்க்கும்போதே எல்லாப் பங்கருக்கும் பெயர் வைத்துவிட வேண்டும். வழக்கமான பெயர்கள் போதும். இடப்பக்கம் வலப்பக்கம் என்று சேர்த்துக்கொண்டால் சரி. எங்கள் அணியில் மூன்று வகைச் செய்தி மட்டும்தான் கத்தப்படும். யார் எங்கே: "ஸ்னேக் முதல் பெட்டில ஒருத்தன்!" எத்தனை பேர் போனார்கள்: "ரெண்டு அவுட், ரெண்டு அவுட்!" நான் என்ன செய்யப் போகிறேன்: "லோடு பண்றேன்!" அல்லது "நகர்றேன், கவர் குடு!" ஒருவர் கத்தியதை இன்னொருவர் அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். இந்தத் திரும்பச் சொல்லும் பழக்கம் வந்த பிறகுதான் எங்கள் அணி உண்மையில் ஓர் அணியானது என்று நான் நினைக்கிறேன். மார்க்கர்களின் சத்தத்திலும் மாஸ்க்கின் உள்ளேயும், மைதானத்தின் ஒரு பக்கம் சொன்னது மறுபக்கம் போகாது. நடுவில் இருக்கிறவர் வாங்கிக் கடத்தினால்தான் போகும்.

எண்ணிக்கையைக் கத்துவதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சொல்ல வேண்டும். எதிராளி கையை உயர்த்திக்கொண்டு வெளியேறுவதைக் கண்ணால் பார்த்தபின் சொல்லுங்கள். "பட்டுச்சுன்னு நினைக்கிறேன்" என்பது எண்ணிக்கை ஆகாது. மேலே பட்டுத் தெறித்துப் போன பந்து உடைந்திருக்காது. உடைந்து பெயிண்ட் ஒட்டினால்தான் அவுட். ஒருவர் போய்விட்டார் என்று தவறாக எண்ணி முன்னேறுகிற ஆள், இல்லை என்று நினைத்த அதே பங்கரிலிருந்து பக்கவாட்டில் அடிபடுவதை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன். ஆட்டம் மும்முரமான நேரத்தில் எண்ணிக்கை குழம்பினால் பின்வரிசை ஆள் "எண்ணிக்கை தெரியல" என்று வெளிப்படையாகவே கத்த வேண்டும். தவறான எண்ணைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஐந்து பேருக்கும் வேலை பிரிப்பதைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். வேகமும் சிறிய உடம்பும் உள்ளவர் முன்வரிசை. ஸ்னேக்கில் படுத்து நகர அவரால் முடியும். குரலும் நிதானமும் உள்ளவர் பின்வரிசை. அவருக்குப் பந்து அதிகம் வேண்டும், அதனால் பாட்களும் அதிகம் கட்டிக்கொள்வார். மார்க்கரின் மேல் பந்து நிரப்பும் ஹாப்பரில் இருநூறு பந்து அளவுக்குப் பிடிக்கும், ஒரு பாட்டில் நூற்றுநாற்பது என்பது வழக்கமான அளவு. முன்வரிசை ஆள் ஒன்றிரண்டு பாட்டோடு போகலாம், பின்வரிசை ஆள் குறைந்தது நான்கு கட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ஆடுபவர் இரண்டு வேலையும் தெரிந்தவராக இருக்க வேண்டும். முன்னால் ஒருவர் விழுந்ததும் அந்த இடத்தை நிரப்புபவர் அவர்தான். அணியில் மிகச் சிறப்பாகச் சுடுபவரை முன்னால் அனுப்பத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். எங்கள் அனுபவத்தில் அவர் பின்னால் இருந்தால்தான் அணிக்கு நல்லது, ஏனென்றால் முதல் ஐந்து நொடி லேன் அவர் கையில்தான் இருக்கிறது.

தனியாள் திறமையில் இரண்டே இரண்டைத்தான் புதிய அணிக்கு அழுத்திச் சொல்வேன். ஒன்று ஸ்னாப் ஷாட். பங்கரின் விளிம்பிலிருந்து கண்ணும் பேரலும் (மார்க்கரின் குழல்) மட்டும் வெளியே வந்து, ஒன்றிரண்டு பந்து சுட்டு, எதிராளியின் பந்து வந்து சேரும் முன் உள்ளே போய்விட வேண்டும். வெளியே வரும்போதே மார்க்கர் குறியில் இருக்க வேண்டும்; வெளியே வந்து குறி தேடினால் நேரம் போய்விடும். ஒரே உயரத்தில், ஒரே விளிம்பில் மறுபடி மறுபடி எட்டிப் பார்த்தால் எதிராளி அந்த இடத்தில் பேரலை நிறுத்தி வைத்துக் காத்திருப்பார். ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே, ஒருமுறை மறுபக்கம். இரண்டாவது, மறுகையால் சுடுவது. பங்கரின் இடப்பக்கத்திலிருந்து வலக்கைக்காரர் கை மாற்றாமல் சுட்டால் தோளும் முழங்கையும் ஹாப்பரும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஹாப்பரில் பட்டாலும் அவுட்தான். மார்க்கரை இடக்கைக்கு மாற்றினால் உடம்பு பாதிக்கு மேல் மறைந்துவிடும். முதல் சில பயிற்சிகளில் கை ஒத்துழைக்காது, குறி கண்டபடி போகும். விடாமல் பழகினால் வந்துவிடும்.

பயிற்சிக்குப் பெயிண்ட் நிறையச் செலவாகும் என்று தயங்குகிறவர்களுக்கு: பாதிப் பயிற்சிக்குப் பெயிண்டே தேவையில்லை. காலி மார்க்கரோடு தொடக்க இடத்திலிருந்து பங்கர்வரை ஓடி, சறுக்கி இறங்கி, மார்க்கரைக் குறியில் வைப்பதை ஐந்து பேரும் சேர்ந்து திரும்பத் திரும்பச் செய்யலாம். கண்ணை எடுக்காமல் பாட் திறந்து ஹாப்பரை நிரப்புவதைப் பழகலாம். குரல் கொடுப்பதை நடந்துகொண்டே பழகலாம். பெயிண்ட் செலவழிக்கும் நேரத்தில் இருவர் எதிரெதிர் பங்கரில் உட்கார்ந்து ஸ்னாப் ஷாட் ஆடுவதும், ஒருவர் ஓட மற்ற இருவர் லேன் போடுவதும் போதும். ஐந்துக்கு ஐந்து முழு ஆட்டம் ஆடுவது மகிழ்ச்சி தரும், ஆனால் கற்றுக்கொள்வது குறைவு. இருவருக்கு ஒருவர், மூவருக்கு இருவர் என்று ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை மட்டும் எடுத்து ஆடுங்கள்.

ஏனென்றால் சிறிய போட்டிகளில் ஆட்டங்கள் கைநழுவுவது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். நம் பக்கம் இருவர், எதிரில் ஒருவர் என்று வந்துவிட்டால் புதிய அணி சற்று ஓய்ந்துவிடும், அல்லது இருவரும் ஒரே பக்கமிருந்து அவரை நெருங்குவார்கள். அந்த ஒருவருக்கு அதைவிட வசதி வேறில்லை. ஒரே திசையில் பார்த்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகச் சுட்டுவிடுவார். செய்ய வேண்டியது: ஒருவர் தன் இடத்திலிருந்து விடாமல் சுட்டு அவரைப் பங்கருக்குள் அடைத்து வைக்க வேண்டும். மற்றவர் அகலச் சுற்றி, அவருடைய பங்கரின் மறைவு தீர்ந்துபோகும் கோணத்துக்குப் போக வேண்டும். சுடுகிறவரின் ஹாப்பர் காலியாகப் போகிறதென்றால் முன்பே கத்தி, நகர்கிறவரை ஒரு பங்கரில் நிற்க வைத்துவிட்டு நிரப்ப வேண்டும். முடிந்தவரை இருவரும் ஒன்றாக நிரப்பக் கூடாது.

ஆள் கணக்கில் முன்னால் இருக்கும்போது ஒருவருக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்வதும் நமக்கு லாபம்தான். ஐந்துக்கு நான்கில் ஒருவரைக் கொடுத்து ஒருவரை எடுத்தால் நான்குக்கு மூன்று. மறுபடி எடுத்தால் மூன்றுக்கு இரண்டு. இடைவெளி எண்ணில் மாறாவிட்டாலும், ஆள் குறையக் குறைய அவர்கள் பார்க்க முடியாத பக்கம் பெருகிக்கொண்டே போகும். முன்னால் இருக்கிற அணி அவசரப்படாமல், ஆனால் நிற்காமல், கோணங்களை விரித்துக்கொண்டே போக வேண்டும். பின்தங்கியிருக்கும் அணிக்கு நேர்மாறு. மூன்றுக்கு ஐந்து என்று வந்தபின் அமைதியாக உட்கார்ந்திருந்தால் அவர்கள் மெல்ல வந்து சூழ்ந்துவிடுவார்கள். அவர்கள் நிலைகொள்ளும் முன்பே, எண்ணிக்கை அவர்களுக்குத் தெளிவாகும் முன்பே, ஒருவர் துணிந்து ஓடி எதிராளியின் பங்கரையே தொட்டுக் கடந்து சுட்டுவிட்டுப் போகலாம். பங்கர் செய்வது என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் இருவர் ஒரே நேரத்தில் சுட வேண்டும், இல்லையென்றால் அது வெறும் தற்கொலை ஓட்டம்.

விதிகளைப் பற்றிச் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிய அணிகள் திறமையால் அல்லாமல் தண்டனையால் ஆட்களை இழப்பதும் நடக்கிறது. உடம்பில் எங்கோ பட்டது, உடைந்ததா என்று தெரியவில்லை என்றால் உங்களால் பார்க்கக்கூடிய இடம் என்றால் பாருங்கள். முதுகு என்றால் நடுவரிடம் கேளுங்கள். பட்டது தெரிந்தும் தொடர்ந்து ஆடினால் நீங்கள் மட்டுமல்ல, உங்களோடு இன்னும் ஒருவரையோ இருவரையோ நடுவர் வெளியேற்றிவிடலாம். பெயிண்டைத் துடைத்தால் தண்டனை அதைவிடக் கடுமை. போட்டிக்குப் போட்டி இந்த விதிகள் மாறும், அதனால் காலையில் நடக்கும் கேப்டன்கள் கூட்டத்துக்குக் கேப்டனோடு இன்னொருவரும் போவது நல்லது. வேகம் அளக்கும் கிரோனோகிராஃப் சோதனையில் வரம்பின் விளிம்பில் மார்க்கரை வைக்காதீர்கள். ஆட்டத்துக்குப் பின் திடீர்ச் சோதனையில் அது வரம்பைத் தாண்டியிருந்தால் ஜெயித்த ஆட்டமும் போகும். மாஸ்க்கை மைதானத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது. பனி படர்ந்து எதுவும் தெரியவில்லை என்றால் கையை உயர்த்தி வெளியே வாருங்கள். ஒரு ஆட்டம் போனால் போகட்டும். வெளியே வந்ததும் பேரல் உறை.

பெயிண்டின் நிலையும் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். பந்தின் ஓடு ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊதும், வெப்பத்தில் இளகி வடிவம் கெடும், குளிரில் எளிதில் நொறுங்கும். பையைத் திறந்தபடி வெயிலில் வைக்காதீர்கள், மூடி நிழலில் வையுங்கள். கீழே விழுந்த பந்தை எடுத்து மறுபடி போடாதீர்கள். மண் ஒட்டிய பந்து பேரலுக்குள் உடையும், உடைந்தபின் அடுத்த பத்து பந்தும் எங்கெங்கோ போகும். பேரலுக்குள் ஒரு பந்தைப் போட்டுப் பாருங்கள். தானாக உருண்டு வெளியே விழுந்தால் பேரல் பெரிது. ஊதினால் போகிற அளவுக்கு இருந்தால் பொருத்தம். பேரல் துடைக்கும் குச்சியை ஒவ்வொருவரும் இடுப்பில் வைத்திருக்க வேண்டும், பிட்டில் (ஆட்டங்களுக்கு இடையே அணிகள் இருக்கும் இடம்) விட்டுவிட்டு வரக் கூடாது.

ஆட்டங்களுக்கு இடையே அணிகள் பிட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அடுத்து எதிர்கொள்ளப் போகும் அணி அப்போது மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும். மார்க்கர்களைத் துடைத்துக் காற்று நிரப்ப இரண்டு பேர் போதும். மற்ற மூவரும் வலைக்குப் போக வேண்டும். பார்க்க வேண்டியது பிரேக்அவுட்டை மட்டும்: யார் எந்தப் பங்கருக்கு ஓடுகிறார், யார் லேன் போடுகிறார், எந்தப் பக்கம். சிறிய போட்டிகளில் பெரும்பாலான அணிகள் ஒரே பிரேக்அவுட்டை நாள் முழுக்க ஆடுகின்றன. இரண்டு ஆட்டம் பார்த்தால் மூன்றாவதில் அவர்களுடைய முதல் ஓட்டக்காரர் எங்கே இருப்பார் என்று நமக்கே தெரியும். மதியத்துக்கு மேல் களைப்பு ஏறும்போது ஓட்டங்கள் இன்னும் குறுகும். வேகமானவர்கள்கூட ஒரு பங்கர் முன்னதாகவே இறங்கிவிடுவார்கள். காலையில் வைத்த லேனை அதற்கேற்ப உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலை, மைதானத்தின் படம் வரைந்த ஒரு தாள். ஜெயித்திருந்தாலும் தோற்றிருந்தாலும், அவுட்டான ஒவ்வொருவரும் தான் எங்கே அடிபட்டோம், பந்து எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அதில் ஒரு புள்ளியும் ஓர் அம்பும் போட வேண்டும். யார் தவறு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு, கோபத்திலோ உற்சாகத்திலோ இருப்பார்கள். வாயால் பேசினால் சண்டையாகும், தாளில் போட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே ஓட்டப் பாதையில் இரண்டு புள்ளிகள் சேர்ந்துவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அந்தப் பாதையில் தாமதித்த ஓட்டம். ஒரே பங்கரில் இரண்டு புள்ளிகள் என்றால், இரண்டு அம்புகளும் வந்த திசையை அடைக்க ஒருவர் அமையும்வரை யாரும் அந்தப் பங்கரில் நிற்பதில்லை. புள்ளிகள் எல்லாம் எதிரணியின் பாதியில் விழுந்திருந்தால் திட்டத்தை மாற்றாமல் அப்படியே அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துப் போகிறோம்.